சீட்டு விளையாட்டுக்கு வேலூர்ப் பக்கத்து உலகம்: பின்கதையை எங்கே வைப்பது?

பாலாற்றுமணல்:
எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சீட்டு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். மேஜிக் த கேதரிங், போகிமான் வகைதான். ஆளுக்கொரு டெக், அதாவது சொந்தச் சீட்டுக்கட்டு, உள்ளே என்ன சீட்டு என்று தெரியாமல் வாங்கும் பூஸ்டர் பாக்கெட், வேண்டாத சீட்டைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்வது. விதிகள் ஓரளவு நின்றுவிட்டன. சிக்கல் உலகத்தில்தான்.

பின்கதை நிறைய எழுதி வைத்திருக்கிறோம். ஏழு அரச வம்சங்கள், இரண்டு பெரும் போர்கள், வானத்தில் உடைந்துபோன ஒரு நிலா, அதன் துண்டு விழுந்த இடமெல்லாம் மந்திரம். மேஜிக்கின் ஐந்து நிறங்களுக்குப் பதிலாக ஐந்திணை. ஆனால் ஆடிப் பார்க்க வருகிறவர்கள் யாரும் இதைச் சீண்டுவதே இல்லை. சீட்டை எடுக்கிறார்கள், எண்ணைப் பார்க்கிறார்கள், போடுகிறார்கள். அடியில் சாய்வெழுத்தில் கதை சொல்லும் ஃப்ளேவர் வரியை ஒருவர்கூடப் படிக்கவில்லை. கடைசியில் "கேம் சூப்பர், ஆனா நிலாவை எதுக்குப்பா உடைச்சீங்க?" என்று கேட்கிறார்கள்.

இன்னும் விரிவாக எழுதித் தனிப் புத்தகமாகக் கொடுப்பதா, குறைப்பதா? வேலூர்ச் சாயல் வேண்டும் என்பது மட்டும் உறுதி.

ஜவ்வாதுக்காற்று:
காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. நிலா உடைந்திருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

சரி, கிண்டல் போதும். உடைந்த நிலா பாதிக் கற்பனை உலகங்களில் இருக்கிறது. மேலே காய்ந்து கிடந்து மணலுக்கு அடியில் ஊறும் ஆறு உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பெயரில் வைத்துக்கொண்டு உலகத்தில் விட்டுவிட்டீர்களே.

அகழிமுதலை:
நான் சென்னை, பெங்களூர் என்று போட்டிகளுக்குப் போய் ஆடுகிறவன். கதைக்காக ஆடுகிறவன் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் மேஜிக்கைக் கொண்டுவந்தபோது ஐந்து நிறங்கள் ஐந்து நிலங்களோடு வந்தன. சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. ஆனால் அந்த நிறங்கள் இன்றுவரை நிற்பதற்குக் காரணம் நிலம் இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஆசை இருக்கிறது. வெள்ளைக்கு ஒழுங்கு வேண்டும், நீலத்துக்கு அறிவு, கருப்புக்குத் தன் காரியம் ஆக வேண்டும், சிவப்புக்குத் தோன்றியதை உடனே செய்ய வேண்டும், பச்சை வளர்வதை வளர விட வேண்டும் என்கிறது. அதனால்தான் சிவப்பு டெக் வேகமாக அடிக்கிறது, நீலம் உட்கார்ந்து எதிராளி போடுவதை மறுக்கிறது. ஒரு வரி கதை படிக்காதவனும் நான்காவது ஆட்டத்தில் நிறங்களின் குணத்தைச் சொல்லிவிடுவான். கதை அவன் கைக்குள் விதி வழியாகப் போய்விட்டது.

இன்னொன்று, மேஜிக்கில் 2013இல் வந்த தீரோஸ் தொகுப்பு. கிரேக்கப் புராணச் சாயல், ஆனால் தெய்வங்களுக்குப் புதுப் பெயர். அதில் சூரிய தெய்வம் ஹீலியாட் சீட்டு மேசையில் இருந்தாலும் வெறும் மந்திரச் சீட்டாகத்தான் கிடக்கும். உங்கள் பக்கத்துச் சீட்டுகளில் விலையாகப் போட்டிருக்கும் வெள்ளை மனாக் குறிகள் ஐந்து சேர்ந்தால்தான் உருவெடுத்துச் சண்டைக்கு வரும். பக்தர் இல்லாவிட்டால் சாமி வராது, அவ்வளவுதான். இதற்கு எந்தப் புத்தகம் வேண்டும்?

உங்கள் ஐந்திணை நிலத்தோடு நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். குறிஞ்சி என்றால் மலை, படத்தில் ஒரு வேலன், முடிந்தது. அதுவும் வேலூரில் உட்கார்ந்துகொண்டு நெய்தலுக்கு எங்கே போவீர்கள்?

பாலாற்றுமணல்:
நெய்தல் சீட்டுகள் இப்போதைக்கு ஏரிக்கரையில் இருக்கின்றன. :) ஆனால் பாலையில் ஒரு விதி வைத்திருக்கிறோம். பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் மழை தவறினால் பாலையாகும் என்பது இலக்கணம். அதனால் இரண்டு சுற்று மழைச் சீட்டு விழவில்லை என்றால் அந்த இரண்டு நிலங்களையும் திருப்பிப் போட வேண்டும், பின்பக்கம் பாலை.

அகழிமுதலை:
இது நன்றாக இருக்கிறதே! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நிலாவைத் தூக்கி எறிந்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

செங்கம்சாலை:
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். உங்கள் விளையாட்டு எனக்குத் தெரியாது, பேரன் ஆடுவான். "அடியில் இருக்கும் வரியை யாரும் படிப்பதில்லை" என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் நடுகல் பூமி. செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்த கற்கள் தமிழகத்தின் முக்கியமான தொகுப்புகளில் ஒன்று. பெரும்பாலும் மாடு பிடிக்க வந்தவர்களோடு நடந்த சண்டையில் செத்தவர்களுக்கு நட்டவை. எடத்தனூரில் ஒரு கல், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. கையில் ஆயுதத்தோடு ஒரு வீரன், கூடவே ஒரு நாய். பக்கத்தில் வட்டெழுத்தில் சில வரிகள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப்போய்ப் பட்டான், கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. அவ்வளவுதான் செய்தி.

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். நீண்ட வம்ச வரலாறு இல்லை. போருக்குக் காரணம் இல்லை. கள்ளர் எந்த ஊர் என்பதும் இல்லை. ஆனால் நாயின் பெயர் இருக்கிறது. கல்லில் உளி வைத்து ஒவ்வொரு எழுத்தாக வெட்டுகிறவன் வேண்டாததை வெட்ட மாட்டான். நாயின் பெயரை அவன் வேண்டும் என்று நினைத்தான். 1,400 ஆண்டு கழித்து நாம் அந்த நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் ஏழு வம்சத்தில் ஏதாவது ஒரு நாய்க்குப் பெயர் உண்டா?

ஆம்பூர்தூரிகை:
ஐயா, இதைப் படித்ததும் வரைய உட்கார்ந்துவிட்டேன். நாயை முன்னால் வைத்து, ஆளைப் பின்னால் சாய்த்து. எருமைகள் தூரத்தில் வெறும் முதுகுகளாக.

மணல், உங்கள் சீட்டுகளை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். படங்கள் நன்றாக இருந்தன, ஆனால் எல்லாரும் நேராக நின்று நம்மைப் பார்க்கிறார்கள். அரசன், அமைச்சன், மந்திரவாதி, எல்லாருமே ஸ்டூடியோவில் நிற்கிறார்கள். நடுகல்லில் ஆள் ஏதோ செய்துகொண்டிருக்கிறான். வில் வளைந்திருக்கும், இல்லை கத்தி ஓங்கியிருக்கும்.

பாலாற்றுமணல்:
நாய்க்குப் பெயர் இல்லை, ஐயா. குதிரைக்கு இருக்கிறது.

மாடு பிடிப்பது, மீட்பது என்றால் வெட்சி, கரந்தைதானே? அப்படியானால் நிலத்தை விட்டுவிட்டுப் புறத்திணையை அணிகளாக வைத்தால் என்ன? வெட்சி அணி, கரந்தை அணி, உழிஞை அணி, நொச்சி அணி...

செங்கம்சாலை:
அணி என்று வைத்தால் பொருள் கெட்டுவிடும். வெட்சியார் என்று ஒரு குலம் கிடையாது. மாடு பிடிக்கப் போகும்போது வெட்சிப் பூவைச் சூடிக்கொள்வார்கள். அதே ஊர்க்காரன் தன் மாடு போனால் மறுநாள் கரந்தை சூடுவான். மதிலை வளைக்கிறவன் உழிஞை, உள்ளே நின்று காக்கிறவன் நொச்சி. நேருக்கு நேர் மோதினால் தும்பை, வென்றால் வாகை. பூ செயலைச் சொல்லும், பிறப்பைச் சொல்லாது.

அகழிமுதலை:
ஐயா, நீங்கள் விளையாட்டு தெரியாது என்று சொன்னதை நான் நம்பவில்லை. இது அப்படியே விதி!

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆடுகிறவர் ஒரு பூவைக் கவிழ்த்து வைக்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். நீ வெட்சி, நான் கரந்தை என்றால் சண்டை என் நிலத்தில், எனக்கு ஒரு பலம் கூட. நீ வெட்சி, நான் உழிஞை என்றால் இரண்டு பேரும் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு அடுத்தவன் வீட்டுக்குப் போயிருக்கிறோம், மாடும் போகும், மதிலும் போகும். இரண்டு பேரும் தும்பை என்றால் ஒரே மோதல், அந்தச் சுற்றில் மந்திரம் கிடையாது. சீட்டின் பலம் எந்தப் பூவின் கீழ் ஆடுகிறாய் என்பதைப் பொறுத்து மாறும். ஒரே வில்லாளி வெட்சியில் வேகம், நொச்சியில் காவல்.

இதில் கெட்டவன் யார், நல்லவன் யார் என்ற தலைவலியும் போயிற்று. பல உலகங்கள் அங்கேதான் சப்பென்று ஆகின்றன. இருண்ட படை ஒன்று, ஒளிப் படை ஒன்று.

ஆம்பூர்தூரிகை:
படத்துக்கும் வசதி. வெட்சி சிவப்புக் கொத்து, தும்பை வெள்ளை, நொச்சி நீலம் கலந்த ஊதா, கரந்தை உருண்டையாக. தூரத்திலிருந்தே தெரியும். உழிஞையை முடக்கத்தான் என்கிறார்கள், அதை எப்படி வீரமாக வரைவது என்றுதான் தெரியவில்லை. தோசைக்கு அரைத்தே பழகிவிட்டது.

காகிதக்கடை:
குடியாத்தத்தில் அச்சகம். இவர்கள் சீட்டை அச்சடிக்கக் கேட்டதால் இழையைப் படிக்கிறேன். பெட்டியில் "சிரசு" என்று ஒரு சீட்டு மாதிரி பார்த்தேன், அம்மன் முகத்தோடு. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சீட்டு கீழே விழும், மிதிபடும், ஸ்லீவ் கிழியும், பசங்க ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவார்கள். எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது தெருவே நிற்கும். அந்த முகத்துக்குப் பக்கத்தில் 3/2 என்று பலத்தின் எண் போடுவதா?

ஆம்பூர்தூரிகை:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சீட்டில் சாமி வருவது நமக்குப் புதிது இல்லை. தசாவதாரக் கஞ்சிஃபா தெரியுமா? வட்டச் சீட்டுகள், கையால் தீட்டியது. சாவந்த்வாடியில் இன்றும் செய்கிறார்கள், மைசூரிலும் பெரிய மரபு இருந்தது. அவதாரத்துக்குப் பன்னிரண்டாகப் பத்து அவதாரத்துக்கு 120 சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ராஜா, ஒரு மந்திரி, பத்து எண் சீட்டுகள். பாதி அவதாரங்களில் பத்து பெரிய எண், மீதிப் பாதியில் ஒன்றுதான் பெரிது, தலைகீழ். பகலில் ஆடினால் ராமர் வைத்திருப்பவர் தொடங்க வேண்டும், இரவில் ஆடினால் கிருஷ்ணர் வைத்திருப்பவர்.

முதலை சொன்ன விஷயமும் இதில் இருக்கிறது பாருங்கள். கிருஷ்ணர் நள்ளிரவில் பிறந்தவர் என்று சீட்டில் எங்கும் எழுதவில்லை. விளக்கு ஏற்றியதும் ஆட்டம் மாறுகிறது.

காகிதக்கடை:
அது பூஜை அறை இருக்கிற வீட்டில் பாயை விரித்து ஆடியது, அம்மா. இது பாக்கெட்டில் வைத்து விற்பது. ரேர் சீட்டு, அரிதாகக் கிடைப்பது என்று ஒருத்தன் அம்மனை விலை பேசுவான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

செங்கம்சாலை:
அச்சகக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தீரோஸ்காரர்கள் பெயரை மாற்றியதும் ஒருவகையில் இதற்குத்தானோ என்னவோ. திரௌபதி அம்மன் பாரதத்தில் பாருங்கள், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கதை எல்லாருக்கும் தெரியும். படுகளத்தன்று மண்ணால் துரியோதனனை அத்தனை பெரிதாகப் படுக்க வைப்பார்கள், கூட்டம் அவனைச் சுற்றி நிற்கும். தெய்வம் கோயிலில், எதிரி களத்தில். எதை மேடைக்குக் கொண்டுவரலாம், எதைக் கருவறையில் விடலாம் என்று மரபுக்கே ஒரு கணக்கு உண்டு.

அகழிமுதலை:
முகத்தை விட்டுவிட்டு ஊர்வலத்தை வைத்துக்கொள்ளலாமே. சிரசு தெருத்தெருவாகப் போய்க் கடைசியில் உடலோடு சேர்கிறது, அப்படித்தானே? யூகியோ சீட்டு விளையாட்டில் எக்ஸோடியா என்று ஒன்று உண்டு, தலை, இரண்டு கை, இரண்டு கால், ஐந்தும் கையில் சேர்ந்தால் அந்தக் கணமே வெற்றி. அதை அப்படியே எடுக்க வேண்டாம். இங்கே ஊர்வலம் யாருடைய சீட்டும் இல்லை. மேசைக்குப் பொது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நிலம் தாண்டும், அது நிற்கும் நிலத்தில் சண்டை கூடாது, அந்த நிலத்துக்காரர் ஒரு சீட்டைக் காணிக்கையாகப் போட வேண்டும். கோயிலைச் சேர்ந்ததும் ஆட்டம் முடிவு, அப்போது யாரிடம் மாடு அதிகமோ அவருக்கு வெற்றி. படத்தில் தெரு, கூட்டம், உடைந்த தேங்காய். முகம் வேண்டாம்.

காகிதக்கடை:
இது சரி. இதற்கு நானே காகிதத்தில் தள்ளுபடி தருகிறேன்.

பாலாற்றுமணல்:
மகிழ்ச்சி! ஊர்வலம் அப்படியே வருகிறது. சேர்க்கப் போகும் இன்னொன்று கோட்டை. 1806 ஜூலை 10, சிப்பாய்கள் எழுந்த இரவு. புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றிக் குறி கூடாது என்ற உத்தரவு, கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள், ஏறிய புலிக்கொடி, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லெஸ்பி. எல்லாம் தயாராக இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு லெஜண்டரி சீட்டு.

செங்கம்சாலை:
வேண்டாம். அது கற்பனை உலகம் இல்லை, இறந்தவர்களின் கணக்கு. அன்று விடிவதற்கு முன் தொடங்கி அன்றே அடக்கப்பட்டது. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் சாவு. அதை ஆட வேண்டும் என்றால் வரலாற்று விளையாட்டாக, பெயர், தேதி, காரணம் எல்லாம் சரியாக வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் மந்திரவாதியை நிற்க வைக்காதீர்கள்.

கற்பனைக்கு வேலூர்ச் சொலவடை இருக்கிறதே. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. (இன்னும் ஒன்றிரண்டு சேர்த்துச் சொல்வார்கள், அவை அச்சில் வேண்டாம்.)

ஆம்பூர்தூரிகை:
பெண்களைப் பற்றிய அந்த வரிதானே? எங்கள் பாட்டி அதைச் சொன்னவர்களுக்குச் சோறு போட்டதில்லை.

பாலாற்றுமணல்:
சரி ஐயா, 1806ஐத் தொடவில்லை. ஆனால் முழுக்க விட எனக்கு மனமில்லை. தலைப்பாகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் இல்லை, ஆண்டு இல்லை. "உத்தரவு" என்று ஒரு சீட்டு: எதிராளி சூடிய பூவை அகற்றும். அகற்றினால் அவருடைய சேவகர்களில் பாதிப் பேர் அடுத்த சுற்றில் யார் பக்கம் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

சொலவடையில் எனக்குப் பிடித்தது கோட்டைதான். ராஜா இல்லாத கோட்டை என்கிறோம், ஆனால் அதற்குள் இருந்தது எல்லாம் ராஜ வீடுதான், வேறு ஊர் ராஜ வீடு. திப்புவின் குடும்பம், பிறகு கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், 1832இல் வேலூரிலேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. அதனால் எங்கள் கோட்டை நிலத்துக்கு ஆள் பலமே கிடையாது. எதிராளியின் அரசர் சீட்டைப் பிடித்து உள்ளே வைக்கலாம். வைத்திருக்கும் வரை அவருடைய பலம் யாருக்கும் இல்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றும் சோறு போட வேண்டும்.

அகழிமுதலை:
சாமி இல்லாத கோயிலுக்கும் அதே வழி. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மூலவர் இல்லாமல் பல தலைமுறை போய், 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் சின்ன வயதில் கேட்டது, அதற்கு முன் மண்டபத்து யாளிகளைப் பார்க்கத்தான் ஆள் வருமாம். விளையாட்டில் கோயில் காலி நிலம். உள்ளே இருந்த சீட்டு யாரோ ஒருவருடைய டெக்கில் கவிழ்ந்து கிடக்கிறது. கொண்டுவந்து சேர்க்கிறவருக்குப் பெரிய பலன். யாரிடம் இருக்கிறது என்று ஆட்டம் பாதியில்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்த நல்ல யோசனைகளை எல்லாம் ரேர் சீட்டுகளில் வைத்துவிடாதீர்கள். மேஜிக்கின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் திரும்பத் திரும்பச் சொல்வது, காமன் சீட்டில், அதாவது எளிதில் கிடைக்கும் சீட்டில், தெரியாத கரு தொகுப்பின் கருவே இல்லை என்பது. வாங்குகிறவன் கையில் விழுவது பெரும்பாலும் காமன்தான். மாட்டு மந்தை, காவல் நாய், மணல் ஊற்று, சோறு போடுகிறவள், இவையெல்லாம் காமனில் இருந்தால்தான் உலகம் தெரியும். அரசர்கள் எப்படியும் ரேரில் வந்துவிடுவார்கள்.

ஜவ்வாதுக்காற்று:
கதை எப்படிப் போக வேண்டும் என்பதை ஆடுகிறவர்களிடமே விடலாமே? லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ் என்ற சீட்டு விளையாட்டு 1995இல் வந்தபோது அப்படித்தான் செய்தார்கள். பெரிய போட்டியில் எந்தக் குலத்தின் டெக் ஜெயிக்கிறதோ அதை வைத்து அடுத்த தொகுப்பின் கதை மாறும்.

அகழிமுதலை:
குலம் இருந்ததால் அவர்களுக்கு ஆயிற்று. இங்கே பூ தினம் மாறுகிறது, யார் பக்கம் கதையைச் சாய்ப்பீர்கள்? ஒன்று செய்யலாம். போட்டியில் எந்தச் சீட்டு அதிக முறை மாடு மீட்டு விழுந்ததோ, அதற்கு அடுத்த தொகுப்பில் ஒரு நடுகல் சீட்டு. பெயர் வைப்பது ஆடினவர்.

பாலாற்றுமணல்:
இது உறுதியாக வரும். முதல் நடுகல் சீட்டுக்கு இன்று எழுதியது கீழே. காமன்.

*எல்லைக் கல்.* கரந்தை சூடியிருக்கும்போது உங்கள் ஆள் விழுந்தால் அவர் சீட்டைக் குறுக்காகத் திருப்பி அந்த நிலத்தின் மேல் வையுங்கள். அந்த நிலத்தில் இனி யாரும் வெட்சி சூடி நுழைய முடியாது.
*மேலைச்சேரி மாடு மீட்கையில் பட்டான். சிவலை தானே வீடு வந்தது.*

பெரிய கதைக் கட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஏழு வம்சத்தில் இரண்டை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன்.

செங்கம்சாலை:
சிவலை நன்று. "தானே" தேவையா என்று பாருங்கள்.

அகழிமுதலை:
எனக்குத் "தானே" வேண்டும். ஆள் இல்லாமல் வந்தது என்று அதில்தான் தெரிகிறது.

காகிதக்கடை:
வம்சம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், சீட்டு 63க்கு 88 மில்லிமீட்டர்தான். விதி நான்கு வரி, அடி வரி இரண்டு. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அகலம் பிடிக்கும், மூன்றாவது வரி வந்தால் எழுத்தைச் சிறிசாக்க வேண்டும். அப்போது ணகர னகரமே தெரியாது, பிறகு யாரும் படிக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன் போட்டுத் தருகிறேன், பளபளப்பு வேண்டாம், டியூப் லைட் அடியில் கண் கூசும். சாய்வெழுத்தையும் விடுங்கள், தமிழில் அது எடுபடாது. எழுத்தை நான்கு நிறம் கலந்த கருப்பில் அனுப்பாதீர்கள், தனிக் கருப்பில் போடுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் சிவப்பு அடிக்கும். கோப்பு புதன்கிழமைக்குள் வந்தால் அந்த வாரமே மாதிரி எடுத்துவிடலாம். பண்டிகை ஆர்டர் வந்துவிட்டால் பிறகு மிஷின் கிடைக்காது.